பேச்சு இருக்கும்போதே

உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சத்தை வெட்டி எடுத்த பிறகும், தப்பிய புற்றணுக்கள் உடம்புக்குள் எங்கே போகின்றன என்பதைச் சூசையின் மணிக்கட்டில் கட்டியிருந்த மருத்துவக் கருவிப் பட்டை காட்டிக்கொண்டே இருந்தது. தொடையிடுக்கு, நுரையீரல் என்று ஏறியவை அன்று மூளைக்கு வந்துவிட்டன. நாளைக்குள் பேச்சு போய்விடும் என்றது பட்டை.

விரும்பியவனைக் கட்டிக்கொண்ட மகள் சகாயத்தோடு அவர் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

"பேச்சு இருக்கும்போதே அவகிட்டப் பேசுங்க" என்று மனைவி லூர்து போனை நீட்டினாள்.

"மக்ளே, வீட்டுக்கு வா" என்றார் சூசை.

சகாயம் அழுதாள். "நாளைக்கே வாறேன்ப்பா. உங்ககிட்ட நிறையப் பேசணும்."

"பேசலாம் மக்ளே."

மறுநாள் வந்தவள் சாயங்காலம் வரை பேசினாள். அவர் அவள் கையை விடவே இல்லை. வாய் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.