ஓசிக் கூட்டம்

“ஓசியில பாத்தே பழகின கூட்டம் தாயி. ஒத்த ரூபா தராது!”

தில்லைநாயகம் அண்ணாச்சி பாளையங்கோட்டை சர்ச் மண்டப வாசலில் நின்று சிரித்தார். மாவட்டத்தில் ஏழு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். சிரிப்பிலும் அந்த ஏழும் தெரியும்.

எப்சி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக யூடியூபில் எக்செலும் போட்டோஷாப்பும் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாம் இலவசம். இப்போது அவளுடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, கையிருப்பும் தீர்ந்துவிட்டது. பார்ப்பவர்கள் ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் தந்தால் தொடரலாம். இல்லையென்றால் இன்றோடு மூட வேண்டியதுதான். அதைக் கேட்கத்தான் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள். அம்பாசமுத்திரம், உடன்குடி என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து அறுபது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு லட்சம் தாரேன், சேனலை எங்கிட்ட குடுத்துரு. ஆளுக்கு மூவாயிரம் ஃபீஸ் வச்சு நான் நடத்துதேன். பாடம் நீயே எடு, சம்பளமும் தாரேன்.”

“மூவாயிரம் குடுக்க முடிஞ்சா இவங்க ஏன் எங்கிட்ட வாராங்க? நான் தர மாட்டேன் அண்ணாச்சி.”

“ஊரெல்லாம் கையேந்துவ, எனக்குத் தர மாட்ட?”

“ஆமா, ஏந்துதேன். இவங்ககிட்ட ஏந்த எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடுகிற ஆளில்லை.

“என் வீடியோன்னா ரெண்டு நிமிசத்துல ஓடிப்போயிருதான். உன்னோடத மட்டும் கடைசி வரைக்கும் பாக்கானாமே? எங்க மேனேஜர் புள்ளிவிவரம் எடுத்துச் சொன்னான்.”

“நீங்க ஒண்ணாவது பாத்தீங்களா?”

“நமக்கு அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்?”

எப்சிக்குச் சுர்ரென்று ஏறியது. பார்க்காமலே விலை பேச வந்திருக்கிறார் மனுஷன்!

“சரி, இவங்ககிட்டயே கேளுங்க. பத்துப் பேரு உங்க பக்கம் கை தூக்கட்டும், இப்பவே கையெழுத்துப் போட்டுருதேன். நானும் பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்லுதேன். அப்பத்தான் இவங்களுக்கு வெளங்கும்.”

“முப்பது வருசமா மேடையில பேசுதேன். எனக்குத் தொணைக்கு ஆளா? நீ மேடைப் பக்கமே வரக்கூடாது. பைய அங்கன போய் ஓரமா உக்காரு.”

எப்சி பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி மண்டபத்து மைக்கைப் போட்டார். அது கீச்சென்று அலறியது. அவரே காதைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பொறுமைசாலிகள், சுலபமாக மடக்கிவிடலாம் என்று அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

கால் மணி நேரம் வெளுத்து வாங்கினார். சான்றிதழ் என்றார். சென்னையில் வேலை என்றார். முதலில் சேரும் பத்துப் பேருக்கு லேப்டாப் என்றார். ஒரு கைதட்டல் இல்லை. எந்த ஊரிலும் தோற்காத தன் மாமியார் ஜோக்கை எடுத்துவிட்டார். ஒரு பல்கூடத் தெரியவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நடுநடுவே திரும்பி எப்சியைப் பார்த்தார்கள்.

“சம்மதம்னா கை தூக்குங்க!”

ஒருவரும் தூக்கவில்லை.

அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார். “என்ன கூட்டம்மா இது? மனுசன் தொண்டை தண்ணி வத்தப் பேசுதேன், கல்லு மாதிரி இருக்காங்க. இம்புட்டுத் திமிரா?”

“திமிருதான் அண்ணாச்சி. அது இல்லைன்னா இந்த ஊர்ல இவங்களை ஒருத்தன் வேலைக்கு வச்சிருக்க மாட்டான். ஆனா நீங்க தோத்துட்டீங்கன்னு இன்னும் நான் சொல்லல. நீங்க சொன்னதை ஒண்ணு விடாம நானே கேட்டுப் பாக்கேன்.”

“நான் கேட்டே தூக்காதவன், நீ கேட்டா தூக்கிருவானா?”

எப்சி மேடையேறினாள். மைக்கை அணைத்தாள். அண்ணாச்சி சொன்ன ஃபீஸ், சான்றிதழ், லேப்டாப், அவர் தருவதாகச் சொன்ன இரண்டு லட்சம் என்று ஒன்று விடாமல் விரல்களாலேயே சொல்லி முடித்தாள். கடைசியாகத் தன்னுடைய நூறு ரூபாயையும் அதே விரல்களால் கேட்டாள்.

காது கேளாத அந்த அறுபது பேரும் அண்ணாச்சியின் பக்கம் திரும்பி, ‘வேண்டாம்’ என்று ஒரே வீச்சாகக் கையை வீசினார்கள். பிறகு எப்சியைப் பார்த்து, அவரவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள்: ‘நாங்கள் தருகிறோம்.’