இரண்டு பெட்டிக்கும் ஒரே குரல்

மதிய வெயில் சன்னல் கம்பிகளைத் தாண்டி மேசைமேல் சாய்ந்திருக்கிறது. மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். புதுசு, நாளை மறுபடி வேலைக்குப் போகும் தம்பிக்கு ஆபீசில் கொடுத்தது. பழசு, எழுத்தெல்லாம் தேய்ந்த கீபோர்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. தொண்டை ஆபரேஷனில் குரல் போன தம்பி அதில் தட்டினால், அக்கா எழுதிய புரோகிராம் அவனுக்காகப் பேசும். நேற்று அதைப் புதுசுக்காகத் திருத்தி, இரண்டிலும் ஏற்றிவிட்டாள். புதுசு கணீரென்று பேசியது. பழசு வாயே திறக்கவில்லை. திருத்திய புரோகிராம், புதுச் சிஸ்டத்தில் மட்டுமே உள்ள வசதியை அதனிடமும் கேட்டால், பாவம், அது எங்கே போகும்? "புதுசுலயே தட்டினா என்னவாம்?" என்று தம்பியின் மனைவி கேட்டதற்கு அவன் தலையாட்டி மறுத்துவிட்டான். விரலுக்குப் பழகியது பழசுதான். நேற்றிலிருந்து வீடு அவன் பேச்சில்லாமல் கிடக்கிறது. இப்போது அக்கா மறுபடி திருத்தியதில் அந்தப் புரோகிராம், தான் இருப்பது எந்தச் சிஸ்டம் என்று முதலில் விசாரித்துக்கொள்கிறது. பெரியவரிடம் ஒரு விதமாகவும் பிள்ளையிடம் ஒரு விதமாகவும் நாம் பேசுவதில்லையா, அப்படி. "ம், தட்டுடா," என்கிறாள் அக்கா. சொல்லிவிட்டு ஸ்பீக்கரையே பார்க்கிறாள். தம்பியின் விரல்கள் பார்க்காமலே எழுத்துகளைத் தேடிப் பிடிக்கின்றன. பழசு கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு கரகரவென்று, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறது: "அக்கா, நேத்துலேருந்து உன்னத் திட்ட நெறைய சேத்து வச்சிருந்தேன். இப்பப் பாத்து ஒண்ணுமே ஞாபகம் வரல." துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்கிறாள். "நீங்க தட்டுங்க. நான் எடுத்துக் குடுக்கறேன்."