ஆறு மணி விருந்தாளி

கனடாவின் கால்கரி நகரில் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டதும் லெனோர் நொண்டிக்கொண்டே ஓடித் திறந்தாள்.

"வா மார்னி! மூணு மாசமா ஆளையே காணோம்."

மேசையில், தினமும் போல, இரண்டு கோப்பைகள் காத்திருந்தன.

"முட்டி எப்படிடி இருக்கு?"

"படியைப் பார்த்தாலே வலிக்குது."

காபி முடிந்ததும் மார்னி பையிலிருந்து சிறுநீர்க் குப்பியையும் ஊக்கமருந்துச் சோதனைப் படிவத்தையும் எடுத்து வைத்தாள்.

"விளையாட்டுன்னு எதைப் போட? நீ மூணுலயும் இறங்கினவளாச்சே. ஜூடோவா, மல்யுத்தமா, பனிவண்டிப் பந்தயமா?"

"எதைப் போட்டா அடிக்கடி வருவியோ, அதைப் போடு."

"நீ போட்டியில இறங்கியே ரெண்டு வருஷமாச்சு. ஓய்வுக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டா இந்தத் திடீர்ச் சோதனைத் தொல்லையே இல்லையே!"

லெனோர் அவள் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

"போட்டுட்டா, இந்தக் கதவை யாருடி தட்டுவா?"