சிக்னல் கிடைக்கும் மேசை

அந்த அலுவலகத்தில் வைஃபை ஒழுங்காகக் கிடைத்தது வசுமதியின் மேசை அருகில் மட்டும்தான். ரவுட்டர் அவள் தலைக்கு மேலே இருந்தது. ஃபைல் அனுப்ப வேண்டியவர்கள் லேப்டாப்போடு அவளிடம் வந்து நின்றார்கள். அவள் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டாள். டப்பாவில் முறுக்கும் வைத்தாள்.

பிறகு டெக்னீஷியன் வந்து நடுத்தூணில் இன்னொரு பெட்டியைப் பொருத்தினான். எல்லா மேசைக்கும் வேகம் வந்தது. முறுக்கு நமுத்துப் போனது.

பத்தாம் நாள் மறுபடியும் புகார். டெக்னீஷியன் ஏணியில் ஏறினான். புதுப் பெட்டியைச் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளால் யாரோ இறுக்கமாக மூடியிருந்தார்கள். லேசாகக் குருமா வாசம் அடித்தது.

"யாருங்க இதச் சுத்தினது?"

வசுமதி ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கி வாங்க தம்பி. இங்க உக்காருங்க, நல்லாக் கிடைக்கும்."