சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸாரி

"யாருகிட்டதாங்க இவன் ஸாரி கேக்கறான்?"

சுவரில் காதை வைத்தபடி என் மனைவி கிசுகிசுத்தாள்.

ஆறு நாளாக இதே கூத்து. விடிந்தும் விடியாமலும் பக்கத்து வீட்டில் ஆரம்பித்துவிடுகிறது. "ஸாரி." கொஞ்சம் இடைவெளி, யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல. மறுபடி, அடித்தொண்டையில், "ஸாரி."

பதில் மட்டும் வருவதே இல்லை.

"பொண்டாட்டியைப் போட்டு அடிச்சிட்டுக் கெஞ்சறானோ?"

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டியே கிடையாதே."

"அப்ப யாருகிட்ட பேசறான்?"

எனக்கும் முதுகு சில்லிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

அவன் குடிவந்து ஒரு வருஷம். என்ன உத்தியோகம், எங்கே போகிறான், ஒன்றும் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. இந்த வாரமோ என்னைக் கண்டால் பாதிப் படியிலேயே திரும்பி மேலே ஓடுகிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

"மாமா ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடிட்டு இருக்கார். விடியக்காலையில இந்தக் குரல் நல்லதுக்கில்லைங்க. ஒண்ணு அவன் காலி பண்ணணும், இல்ல நாம."

அப்பாவின் நினைப்பு வந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிழைப்பாரா மாட்டாரா என்று நான் பொட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன், இவன் சுவரோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான். போய்க் கதவை இடித்தேன்.

தாழ் போடாத கதவு, திறந்துகொண்டது. உள்ளே ஈ காக்கை இல்லை. அவன் மட்டும் வெறும் சுவரைப் பார்த்து நின்றிருந்தான், கையில் போனோடு.

"யாருய்யா இருக்கா இங்க?"

"யாரும் இல்லீங்க."

"அப்புறம் என்ன ஸாரி? கால் பட்டா ஸாரி, லேட்டா வந்தா ஸாரின்னு ஊரே துப்பிட்டுப் போற வார்த்தை. அதுக்கு ஒத்திகை ஒரு கேடா?"

"அதாங்க கஷ்டமே," என்றான் மெதுவாக. "'மன்னிச்சிடுங்க'ன்னா நான் ஏதோ தப்புப் பண்ணின மாதிரி ஆயிடுது. 'வருந்துகிறோம்'னா நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு. மிச்சம் இந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்றதுதான் என் வேலை."

"அப்படி என்ன வேலை?"

"ஐ.சி.யூ.வுல யாராவது தவறிட்டா வீட்டுக்காரங்களுக்குச் சேதி சொல்றது. பதினோரு வருஷமாச் சொல்றேன். இப்பல்லாம் வாய் தானாச் சொல்லிடுது, மனசு கூட வர்றதில்லை."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கப் பயமாக இருந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் ஒரு ஃபைல்ல நம்ம விலாசத்தைப் பார்த்தேங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயாவது வேலையாச் சொல்லாம மனுஷனாச் சொல்லணும்னு ஆறு நாளாப் பழகறேன், வரவே மாட்டேங்குது... இப்பதான் ஐ.சி.யூ.வுல இருந்து போன் வந்தது."