குதிகாலில் ஊசித்தடம்

பச்சைப்பிள்ளை வார்டில் தினமும் காலையில் நர்ஸ் வந்து, எங்கள் அறையில் இருந்த இரண்டு பிள்ளைகளின் குதிகாலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுப்பார். மதியம் சிஆர்பி எவ்வளவு என்று சொல்வார். அது இறங்கினால் ரத்தத்தில் கிருமி அடங்குகிறது, பிள்ளை தேறிவிடும். பக்கத்துத் தொட்டிலில் கிடந்த இலஞ்சி ஊர் யோகலட்சுமியின் மகனுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. என் மகளுக்கு ஏறியது.

“எம்புள்ளைக்கு இன்னைக்கும் கொறஞ்சிட்டுக்கா” என்று சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் குற்றாலத்தில் வாங்கிவந்த ரம்புட்டானை எனக்கும் நீட்டினாள். வயிறு எரிந்தது. வாங்கி, உரிக்காமலே குப்பையில் போட்டேன். அவளுக்கு மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

மறுநாள் என் மகளுக்கு இறங்கியது. அதற்கடுத்த நாளும் இறங்கியது. “இனி பயமில்லைம்மா” என்றார் டாக்டர். முத்தம் கொடுக்கக் காலுறையைக் கழற்றினேன். குதிகால் வழுவழுவென்று இருந்தது. அன்று காலையில் குத்திய தடம் இல்லை. பழைய தடங்களும் இல்லை.

“எக்கா, இங்கன பாருங்க.” யோகலட்சுமி மகனின் காலைத் தூக்கிக் காட்டினாள். “ஒரு தடவதான குத்துதாவ? எம்புள்ள காலுல ஏன் எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு?”

“எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தாம்மா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே, என் மகளின் காலுறையை இழுத்து மாட்டினேன்.