செடி வேண்டாத இடம்

மனைவியைக் குசினியில் சமையல் மேசைக்கு முன்னால் நிறுத்தி, அவளுடைய கண் மட்டத்துக்குச் சரியாக மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டான் இஷாம். பிறகு ஸஹ்ராவிடம் திரும்பி, "இந்தக் கோட்டிலருந்து கீழ வரைக்கும், ரெண்டு சாண் அகலத்துக்கு, செடி ஒண்டும் வரப்படாது" என்றான்.

ஸஹ்ராவுக்கு அந்தக் கணமே ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

மீன்தொட்டிக்குள் செடி நட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஏறாவூரிலிருந்து ஸ்கூட்டியில் காத்தான்குடிக்கு வந்திருந்தாள். இஷாம் வீட்டுத் தொட்டி, குசினிக்கும் முன் ஹோலுக்கும் நடுவே சுவரை உடைத்துப் பதித்தது. இந்தப் பக்கமும் பார்க்கலாம், அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

இப்படித் தொட்டி வைக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவளிடம் கேட்பது ஒன்றைத்தான். ஹோலில் வந்து உட்காருகிற ஆட்களுக்கு உள்ளே நிற்கிற பெண்கள் தெரியக்கூடாது, செடியை நெருக்கி நடு. ஒரு மனிதன் வலிய ஓட்டை கேட்பது இதுதான் முதல் தடவை.

வேலைக்குச் சொல்லிவிட்ட கைறுன்னிஸா மாமி, "தங்கமான பொடியன்" என்று சொல்லியிருந்தார். மாமிக்கு எல்லாருமே தங்கம்தான்.

ஸஹ்ரா படத்தாளை விரித்துப் பென்சிலை எடுத்தாள். இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் வாவிக்கரையில் ஒதுங்கிய வேர்க்கட்டை. நடுவிலே நீளப்புல்லை விட்டால் வடிவாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். வடிவு முக்கியமில்லை என்றான் இஷாம்.

அவன் ஹோலுக்குப் போய்த் தரையில் குந்தினான். அவன் தலைக்கு மேலே கூரை வளைமரத்தில் ஒரு புதுக் கொக்கி மாட்டியிருந்தது. அங்கிருந்தபடி, வெறுங்கண்ணாடி வழியாக மனைவியையே உற்றுப் பார்த்தான்.

ஸஹ்ராவின் பார்வை மேலே போயிற்று. அந்தக் கொக்கியில் கமராவும் மாட்டுவானோ என்னவோ.

திரும்பி வந்தவன் வாசல் சுவிட்சை இரண்டு தரம் தட்டினான். பட்டப்பகலில் குசினி லைட் பற்றி அணைந்தது. உடனே அவன் மனைவி நஸீறா கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் மனமில்லாத ஆள் என்று ஸஹ்ரா பல்லைக் கடித்தாள்.

லுஹருக்கு நேரமாகிறது, தொழுதுவிட்டு வருகிறேன் என்று இஷாம் பள்ளிக்குப் புறப்பட்டான். அவன் தலை மறைந்ததும் ஸஹ்ரா வெக்கை தாங்காமல் முக்காட்டைத் தோளுக்குத் தளர்த்தினாள்.

சற்று நேரத்தில் பாங்கு ஒலித்தது. பள்ளி அடுத்த தெருவில்தான், கண்ணாடி அதிர்ந்தது. ஸஹ்ராவின் கை தானாக முக்காட்டைத் தலைக்கு இழுத்தது. நஸீறா மட்டும் திறந்த தலையோடு மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாங்குக்குத் தலை மூடக்கூட நினைவில்லாத அளவுக்கு என்ன யோசனை இவளுக்கு?

ஸஹ்ரா எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தி, "அவர் ஒங்கள அடிக்கிறாரா? சொல்லுங்க, நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்" என்றாள்.

நஸீறா திரும்பவே இல்லை. கத்தி மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஸஹ்ரா படத்தாளுக்குத் திரும்பி வந்தாள். பாவி, இவளை இந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருக்கிறானே. அவளால் முடிந்தது ஒன்றுதான். பென்சிலை எடுத்து, இஷாம் கேட்ட இடைவெளி முழுவதையும் நீளப்புல்லால் நிரப்பினாள். நடும்போது ஒரு சாண்தான் இருக்கும், அவனுக்கு உறைக்காது. மூன்று மாதத்தில் தண்ணீர் மட்டம் வரை வளர்ந்து மதில் மாதிரி நிற்கும். அப்புறம் அவன் எங்கே குந்தினாலும் இவள் தெரிய மாட்டாள்.

கை கழுவிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்த நஸீறா படத்தைக் குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு அழிறப்பரை எடுத்து, அந்தப் புல்லை வரிவரியாக அழிக்கத் தொடங்கினாள். தாள் கிழிந்தும் விடவில்லை.

"பயப்புடாதீங்க" என்று ஸஹ்ரா அவள் கையைப் பிடித்தாள். நஸீறா ஸஹ்ராவின் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

லைட் இரண்டு தரம் பற்றி அணைந்தது. இஷாம் வாசலில் நின்றான்.

கிழிந்த படத்தையும் அழுகிற மனைவியையும் பார்த்தவனுக்குக் கோபம் வரும் என்று ஸஹ்ரா ஆயத்தமாக நின்றாள். வரவில்லை. அவன் தாளை எடுத்து, புல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"கைறுன்னிஸா மாமி ஒங்களுக்கு ஒண்டும் சொல்லலயா?"

இல்லை என்று ஸஹ்ரா தலையாட்டினாள்.

நஸீறா கண்ணைத் துடைத்தாள். தொளதொளத்த உடுப்புக்கு மேலால் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த கொக்கியைப் பார்த்தாள்.

"அதிலதான் தொட்டில் கட்டப் போறம்" என்றான் இஷாம். "புள்ள அழுறத இவ கண்ணாலதான் கேக்கணும், தங்கச்சி."